"ஆளு நல்லாத்தானே இருக்காரு?" - தலைக்காயத்துக்குப் பிறகான வாழ்க்கைக்கு சட்டமும் சமூகமும் தரும் துணை என்ன?

தையல் பிரித்தாயிற்று. ஸ்கேனில் ரத்தக்கட்டு கரைந்துவிட்டது. நடக்கிறார், சாப்பிடுகிறார், கேட்ட கேள்விக்குப் பதிலும் சொல்கிறார். பார்க்க வரும் சொந்தக்காரர்கள் "கடவுள் புண்ணியத்துல பொழச்சுட்டாரு" என்று சொல்லி பழம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். கூடவே இருக்கும் மனைவியோ அம்மாவோ மட்டும் மெதுவாகச் சொல்வார்கள்: "இது பழைய ஆளு இல்லீங்க."

விபத்தில் தலையில் அடிபட்டு உயிர் பிழைத்தவர்களின் வீடுகளில் கேட்கும் பேச்சு இது. 2022-ல் மட்டும் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள் நடந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. இறந்தவர்கள் 1,68,491 பேர். காயமடைந்தவர்கள் 4,43,366 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் நாடு முழுவதும் 50,029 பேர். ஹெல்மெட் போடாமல் விழுந்தும் சாகாமல் தப்பியவர்கள் என்ன ஆனார்கள்? காயமடைந்தவர்களைக் கொடுங்காயம், சிறுகாயம் என்று பிரிக்கும் அந்த அறிக்கையில், மூளைக்காயத்தோடு வீடு திரும்பியவர்களுக்கென்று தனிக் கட்டம் கிடையாது.

கணக்கில் மட்டுமல்ல, சட்டப் பட்டியலிலும் அவர்களுக்குத் தனி இடம் இல்லை. அப்படியானால் உதவிக்கு எங்கே போவது? இவர்களுக்காகக் குரல் கொடுப்பது யார்? விரிவாகப் பார்க்கலாம்.

வெளியே தெரியாத காயம்

மூளைக்காயம் என்றால் சாலை விபத்து மட்டுமில்லை. மாடியிலிருந்து விழுவது, அடிதடி, பக்கவாதம், மூளைக்காய்ச்சல், நீரில் மூழ்கி மூச்சுத் திணறி மூளைக்கு ஆக்சிஜன் போகாமல் இருப்பது என எதனாலும் வரலாம். தலையில் அடிபட்டு வருபவர் எந்த அளவு நினைவோடு இருக்கிறார் என்பதை 'கிளாஸ்கோ கோமா அளவுகோல்' கொண்டு டாக்டர்கள் அளப்பார்கள். 1974-ல் கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜெனட் என்ற இரு நரம்பியல் அறுவைசிகிச்சை நிபுணர்கள் உருவாக்கியது. கண் திறப்பது, பேசுவது, கை கால் அசைப்பது ஆகிய மூன்றுக்கும் மதிப்பெண். மொத்தம் 15. எட்டும் அதற்குக் கீழும் என்றால் கடுமையான காயம். 9 முதல் 12 வரை நடுத்தரம். 13-ம் அதற்கு மேலும் லேசானது.

சிக்கல் இந்த 'லேசானது' என்ற வார்த்தையில்தான் ஆரம்பிக்கிறது. உயிருக்கு ஆபத்தா இல்லையா என்பதற்கான அளவு அது. பிழைத்தவர் மறுபடி கடையைத் திறந்து கல்லாவில் உட்கார்ந்து கணக்குப் பார்க்க முடியுமா என்பதை அது சொல்லாது. வேகமாக ஓடி சட்டென்று நிற்கும்போது மண்டைக்குள் மூளை குலுங்கி, நரம்பிழைகள் அங்கங்கே இழுபட்டு அறுந்துபோவது உண்டு. இந்தச் சேதம் பல நேரம் சாதாரண சிடி ஸ்கேனில் தெரியாது. "ஸ்கேன் நார்மல்" என்று டிஸ்சார்ஜ் எழுதிக் கொடுத்த ஆள் காலையில் சாப்பிட்டதை மத்தியானம் மறந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முன்மூளையில் அடிபட்டால் இன்னொரு வகைச் சிரமம். திட்டமிடுவது, கோபத்தை அடக்குவது, எந்த இடத்தில் எதைப் பேசலாம் எதைப் பேசக்கூடாது என்று யோசிப்பது எல்லாம் அந்தப் பகுதியின் வேலை. அது பாதிக்கப்பட்டவர் ஒன்று சும்மா உட்கார்ந்தே இருப்பார், இல்லாவிட்டால் சின்ன விஷயத்துக்குத் தட்டைத் தூக்கி எறிவார். வீட்டில் "சோம்பேறி ஆயிட்டான்", "திமிரு ஏறிடுச்சு" என்று பேச்சு வரும். தனக்கு ஒரு குறை இருக்கிறது என்பதையே உணர முடியாமல் போவதும் இந்தக் காயத்தின் ஒரு அறிகுறிதான். "எனக்கு ஒண்ணும் இல்ல, வண்டிச் சாவியக் குடு" என்று அவர் சண்டை போடுவது நடிப்பும் இல்லை, வீம்பும் இல்லை.

இதோடு தீராத அசதி, தலைவலி, வெளிச்சமும் சத்தமும் தாங்காமை, வாசனை தெரியாமல் போவது, சிலருக்கு வலிப்பு. கல்யாண வீட்டு மைக் செட் சத்தத்தில் அரை மணி நேரம் உட்கார முடியாமல் எழுந்து போகிறவரை 'மரியாதை தெரியாதவர்' என்றுதான் ஊர் சொல்லும்.

21 வகைகளில் இது எங்கே?

1995-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 7 வகை குறைபாடுகளே இருந்தன. 2016-ல் வந்து, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அதை 21 ஆக உயர்த்தியது. ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்கள், ஹீமோபிலியா, தலசீமியா, பார்க்கின்சன்ஸ் நோய் என்று பலருக்கும் அதில் இடம் கிடைத்தது. மூளைக்காயம் என்ற பெயர் மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை.

அதற்காக உரிமையே இல்லை என்று அர்த்தமாகாது. காயம் எதனால் வந்தது என்று பார்க்காமல், அது எதை முடக்கியது என்று பார்த்தால் கதவு திறக்கும். ஒரு பக்கக் கை கால் விழுந்துவிட்டால் 'இயக்கக் குறைபாடு'. நரம்பு மண்டலப் பாதிப்பால் வரும் முடக்கமும் அதில் சேர்த்தி. மூளையில் அடிபட்டுப் பேச்சு குழறினால், அல்லது சொல்ல வந்த வார்த்தை வராமல் தவித்தால் 'பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு'. மூளைப் பாதிப்பால் மொழி இழப்பதைச் சட்டமே அங்கு குறிப்பிடுகிறது. பார்வை போயிருந்தால் அது தனி. ஒன்றுக்கு மேற்பட்டவை இருந்தால் 'பல்வகைக் குறைபாடு'.

கை, கால், பேச்சு எல்லாம் நன்றாக இருந்து நினைவும் நிதானமும் மட்டும் போனவர்கள்தான் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள். சட்டம் 'மனநோய்' என்பதற்குத் தரும் விளக்கத்தில் சிந்தனை, மனநிலை, நினைவாற்றல் ஆகியவற்றில் ஏற்படும் கடுமையான கோளாறும் வருகிறது. எனவே மனநல மருத்துவர் மூலம் சான்றிதழ் கேட்க வழி உண்டு. ஆனால் அந்தப் பெயரை ஏற்கப் பல குடும்பங்களுக்கு மனசு வருவதில்லை. "அவருக்கென்ன பைத்தியமா?" என்று கேட்டுவிட்டு மனுவே போடாமல் விட்டவர்கள் உண்டு. பெயர் பட்டியலில் இல்லை என்பது வெறும் தொழில்நுட்பக் குறை இல்லை என்பதற்கு இதுவே சாட்சி.

சட்டத்தின் அட்டவணையில் கடைசியாக ஒரு வரி இருக்கிறது. மத்திய அரசு அறிவிக்கும் வேறு எந்த வகையையும் சேர்க்கலாம் என்கிறது அது. அதாவது நாடாளுமன்றம் புதுச் சட்டம் போட வேண்டியதில்லை. ஓர் அறிவிக்கை போதும். அதைக் கேட்டு வாங்க ஓர் அமைப்பு வேண்டும், அவ்வளவுதான்.

கேட்டு வாங்கியவர்கள்

அமெரிக்காவில் அப்படித்தான் நடந்தது. மர்லின் ஸ்பிவாக் என்ற பெண்ணின் மகள் 1975-ல் கார் விபத்தில் கடுமையான மூளைக்காயம் அடைந்தார். உயிரைக் காப்பாற்ற ஆஸ்பத்திரி இருந்தது. அதற்குப் பிறகு கூட்டிப்போக இடமில்லை. 1980-ல் அவரும் அவரது கணவரும் தேசிய தலைக்காய அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். இன்று அமெரிக்க மூளைக்காய சங்கம் என்ற பெயரில் இயங்குவது அதுதான். 1990-ல் அந்நாட்டின் சிறப்புக் கல்விச் சட்டத்தில் 'விபத்தால் வந்த மூளைக்காயம்' தனி வகையாகச் சேர்ந்தது. 1996-ல் மூளைக்காயத்துக்கென்றே தனிச் சட்டம் வந்தது. 16 ஆண்டு உழைப்பு.

பிரிட்டனில் 1979-ல் தொடங்கிய 'ஹெட்வே' அமைப்புக்கு இன்று 100-க்கும் மேற்பட்ட உள்ளூர்க் குழுக்கள் இருக்கின்றன. அவர்கள் செய்த ஒரு காரியம் ரொம்ப எளிமையானது. மூளைக்காயம் பட்டவர் நடையில் தள்ளாடலாம், நாக்குக் குழறலாம், கேட்டதற்குத் தாமதமாகப் பதில் சொல்லலாம். போலீஸ் கண்ணுக்கு அவர் குடித்தவர். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க, 'எனக்கு மூளைக்காயம் இருக்கிறது, இன்னின்ன சிரமங்கள் உண்டு' என்று புகைப்படத்தோடு ஓர் அடையாள அட்டையை 2017-ல் நாடு முழுக்க வெளியிட்டார்கள். இளவரசர் ஹாரிதான் அதை அறிமுகம் செய்து வைத்தார்.

நம்மூரில் ராத்திரி வாகனச் சோதனையில் நிறுத்தப்படும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். "ஊது" என்று கருவியை நீட்டினால் பிரச்னை இல்லை. அது உண்மையைச் சொல்லிவிடும். கருவி இல்லாத இடத்தில், பஸ் கண்டக்டரிடமோ ரேஷன் கடை வரிசையிலோ, "காலையிலேயே ஏத்திட்டு வந்துட்டியா" என்று கேட்பவருக்குக் காட்ட இவர் கையில் என்ன இருக்கிறது? அதனால்தான் அந்தச் சின்ன அட்டை பெரிய விஷயம். இங்கே அப்படி ஓர் அட்டை வரும்வரை, சிகிச்சை தந்த டாக்டரிடம் லெட்டர்பேடில் நாலு வரி வாங்கி லேமினேட் செய்து சட்டைப்பையில் வைத்துக்கொள்வதை யாரும் தடுக்கப்போவதில்லை.

இந்தியாவிலும் முயற்சி இல்லாமல் இல்லை. ஜோத்பூர் அரச குடும்பத்தைச் சேர்ந்த சிவராஜ் சிங் 2005-ல் போலோ ஆட்டத்தில் குதிரையிலிருந்து விழுந்து தலையில் பலத்த காயமடைந்தார். அவரது தந்தை கஜ் சிங் 2007-ல் இந்திய தலைக்காய அறக்கட்டளையைத் தொடங்கினார். வெளிநாட்டுச் சிகிச்சைக்கு வசதியுள்ள குடும்பத்துக்கே மகன் வீடு திரும்பிய பிறகு என்ன செய்வது என்ற கேள்வி இருந்தது என்றால், உசிலம்பட்டியிலோ ஆம்பூரிலோ கூலி வேலை பார்க்கும் வீட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

தண்டுவடக்காரர்களிடம் கற்க வேண்டியது

தமிழ்நாட்டில் தண்டுவடம் பாதித்தவர்களுக்கு ஒரு வலுவான குரல் இருக்கிறது. தண்டுவடம் பாதித்த எஸ்.ராமகிருஷ்ணன் 1981-ல் ஆய்க்குடியில் தொடங்கிய அமர் சேவா சங்கம் இன்று பல ஆயிரம் பேருக்குச் சேவை செய்கிறது. வேலூர் சிஎம்சியில் 1966-ல் மறுவாழ்வு நிலையம் உருவாகக் காரணமாக இருந்த டாக்டர் மேரி வர்கீஸும் விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடி அறுவைசிகிச்சை செய்தவர்தான். பாதிக்கப்பட்டவர்களே முன்னால் நின்றார்கள். கால் நடக்காவிட்டாலும் மேடை ஏறிப் பேச, மனு எழுத, அதிகாரியிடம் வாதாட அவர்களால் முடிந்தது.

மூளைக்காயத்தில் அடிபடுவதே அந்தத் திறமைகள்தான். கூட்டத்துக்கான தேதியை நினைவு வைப்பது, ஒரு மணி நேரம் கவனமாக உட்காருவது, எதிர்க்கேள்விக்குக் கோபப்படாமல் பதில் சொல்வது. எனவே குரல் கொடுக்கும் வேலை குடும்பத்தின் தலையில் விழுகிறது. குடும்பம் என்றால் பெரும்பாலும் ஒரு பெண். அவரோ வேலைக்கும் போய், இவரையும் பார்த்து, பிள்ளையையும் படிக்க வைக்கிறவர். சங்கம் வைக்க நேரம் ஏது?

இதனால்தான் முதல் படியை ஆஸ்பத்திரிகள் எடுத்து வைத்தால் நல்லது. 1950-ல் டாக்டர் பி.ராமமூர்த்தி சென்னை அரசு பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவைசிகிச்சைப் பிரிவைத் தொடங்கிய காலத்திலிருந்து, உயிர் காக்கும் பக்கத்தில் தமிழ்நாடு வெகுதூரம் வந்துவிட்டது. 2021 டிசம்பர் 18-ல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கிய யாருக்கும், எந்த ஊர்க்காரராக இருந்தாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே பார்த்துக்கொள்கிறது. மத்திய அரசும் 2025 மே மாதம் முதல் 7 நாட்களுக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சையை அறிவித்திருக்கிறது. 48 மணி நேரம், 7 நாள். மூளைக்காயத்தின் கணக்கோ மாதத்திலும் வருடத்திலும் ஓடுகிறது. வீடு தேடி பிசியோதெரபி தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' கை கால் பயிற்சிக்கு உதவும். நினைவுக்கும் கோபத்துக்கும் பயிற்சி தரும் ஆட்கள் இன்னும் பெரிய நகரங்களில்தான் இருக்கிறார்கள். சென்னை முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுள்ளோருக்கான தேசிய நிறுவனத்தை அணுகலாம்.

பத்துப் பேர் கூடினால் என்ன நடக்கும்?

ஆதரவுக் குழு என்றதும் பெரிய ஹால், பேனர், சிறப்பு விருந்தினர் என்று நினைக்க வேண்டாம். மாதத்தில் ஒரு நாள், நரம்பியல் ஓபி நடக்கும் நாளிலேயே, ஓர் அறை. எப்படியும் மாத்திரை வாங்க வந்தாக வேண்டுமே. பஸ் செலவு மிச்சம். பராமரிப்பவர்கள் ஒரு பக்கம், பாதிக்கப்பட்டவர்கள் ஒரு பக்கம் தனித்தனியாக உட்காருவது முக்கியம். கணவர் பக்கத்தில் இருக்கும்போது எந்த மனைவியும் "ராத்திரி அடிக்கிறாரு" என்று வாய் திறந்து சொல்ல மாட்டார்.

அங்கே கிடைக்கும் முதல் உதவி தகவல்கூட இல்லை. "எங்க வீட்டுலயும் இப்படித்தாங்க" என்ற ஒரு வார்த்தை. அதற்குப் பிறகு சின்னச் சின்ன உத்திகள் கைமாறும். காஸ் அடுப்பை அணைக்க மறக்கிறவருக்கு மொபைலில் அலாரம். ஒரே நேரத்தில் மூன்று வேலை சொல்லாமல், ஒன்று முடிந்த பிறகு அடுத்ததைச் சொல்வது. அன்றன்று நடந்ததை எழுத ஒரு நோட்டு. கோபம் ஏறும்போது வாதம் செய்யாமல் டிவியை அணைத்து, வந்தவர்களை அனுப்பி, அறையை அமைதியாக்குவது. மதுவும், டாக்டர் அனுமதி இல்லாமல் வண்டி ஓட்டுவதும் கூடவே கூடாது என்பதை டாக்டர் சொன்னால் கேட்காதவர், அதே காயம் பட்ட இன்னொருவர் சொன்னால் கேட்பார்.

இதில் ஓர் எச்சரிக்கையும் தேவை. ஆதரவுக் குழு என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் தொடங்கும் பல குழுக்களில் ரெண்டாவது வாரமே 'மூளை நரம்பைப் புதுப்பிக்கும்' மாத்திரை, எண்ணெய் விளம்பரங்கள் வந்துவிடும். நகையை அடகு வைத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். யார் நடத்துகிறார்கள், பின்னால் டாக்டரோ சமூகப் பணியாளரோ உண்டா என்று பார்த்துச் சேர்வது நல்லது. பராமரிப்பவருக்கே மனசு உடைந்துபோனால் 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் கட்டணமில்லாமல் பேசலாம்.

நஷ்டஈடு, வேலை, சொத்து

வாகன விபத்து என்றால் இழப்பீட்டு வழக்கில்தான் குடும்பங்கள் அதிகம் ஏமாறுகின்றன. கையில் இருக்கும் சான்றிதழ் '30 சதவீதம்' என்று சொல்லும். ஆளோ முழுக்க வேலைக்கு லாயக்கில்லாமல் உட்கார்ந்திருப்பார். உச்ச நீதிமன்றம் 2010-ல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் இதைத் தெளிவாக்கியது: உடல் ஊன சதவீதமும் சம்பாதிக்கும் திறன் இழப்பும் ஒன்றல்ல. ஒரு கை போனால் டிரைவருக்கோ தச்சருக்கோ ஏற்படும் இழப்பு வேறு, குமாஸ்தாவுக்கு ஏற்படும் இழப்பு வேறு. தீர்ப்பாயம் அவரவர் தொழிலை வைத்துப் பார்க்க வேண்டும். தலைக்காயத்தில் படுத்த படுக்கையான 12 வயதுச் சிறுமியின் வழக்கில், 2020-ல் அதே நீதிமன்றம் இழப்பீட்டை 62.27 லட்சமாக உயர்த்தியது. வாழ்நாள் முழுக்கக் கூட இருந்து பார்த்துக்கொள்ள ஆள் வைக்கும் செலவையும் கணக்கில் எடுத்தது. வக்கீலிடம் இந்த இரண்டு தீர்ப்புகளைக் கேட்டே ஆக வேண்டும். 2022 ஏப்ரலில் இழப்பீட்டு மனுவுக்கு 6 மாதக் கெடு நடைமுறைக்கு வந்தது. ஐசியூ வாசலில் காத்திருக்கும்போதே கெடு ஓடிக்கொண்டிருக்கும் என்பதால், வீட்டில் ஒருவர் இதை மட்டும் கவனிப்பது நல்லது. மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம்.

அரசு வேலையில் இருப்பவரா? பணியில் இருக்கும்போது மாற்றுத்திறனாளி ஆனவரை வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது 2016 சட்டத்தின் 20-வது பிரிவு. பழைய வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை. அதுவும் இல்லாவிட்டால் தகுந்த இடம் கிடைக்கும்வரையோ ஓய்வு வயது வரையோ கூடுதல் பணியிடம். "நீங்களே விருப்ப ஓய்வு எழுதிக் குடுத்துடுங்க" என்று யாராவது கனிவாகச் சொன்னால் கையெழுத்துப் போடும் முன் இந்தப் பிரிவைப் படிக்க வேண்டும். தனியார் வேலையில் இந்தப் பாதுகாப்பு இல்லை.

சொத்து, பேங்க் கணக்கு விஷயம் இன்னும் சிக்கல். சுயநினைவு இல்லாத கணவரின் பெயரில் இருக்கும் இடத்தை விற்று அவருக்கே வைத்தியம் பார்க்க மனைவியால் முடியாது. பாதுகாவலர் நியமிக்க வழி செய்யும் 1999-ம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்குத்தான். 2024-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு இப்படி ஒரு மனைவி வந்தார். சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லி தனி நீதிபதி மனுவைத் தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு அவரையே பாதுகாவலராக நியமித்து, சொத்தை விற்க அனுமதி தந்தது. இதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்கு அந்த உத்தரவு கைகொடுக்கும்.

அடையாள அட்டைக்குப் போகும்போது

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, யுடிஐடி அட்டை இரண்டுக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்தான் முதல் வாசல். 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் பெரும்பாலான சலுகைகளுக்குத் தகுதி உண்டு. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தமிழ்நாடு அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 2,000 ரூபாய். மருத்துவக் குழு முன்னால் உட்காரும் அந்த பத்து நிமிடத்தில் பல மூளைக்காயக்காரர்கள் பளிச்சென்று பேசிவிடுவார்கள். பெயர், ஊர், முதலமைச்சர் யார் எல்லாம் டக்டக்கென்று வரும். "நல்லாத்தானே இருக்காரு" என்று அங்கேயும் கேட்பார்கள்.

அதனால் போவதற்கு முன் ஒரு மாதம் நோட்டில் எழுதி வைக்க வேண்டும். எந்தத் தேதியில் எதை மறந்தார், எத்தனை முறை வழி தெரியாமல் நின்றார், எப்போது வலிப்பு வந்தது, குளிக்கவும் மாத்திரை போடவும் யார் சொல்ல வேண்டியிருந்தது என்று. டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன், நினைவாற்றல் பரிசோதனை அறிக்கை இருந்தால் அது, எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு எடுத்துப் போகலாம். கூட வருபவர் அவர் எதிரில் பேசத் தயங்கினால், டாக்டரிடம் இரண்டு நிமிடம் தனியாகப் பேச அனுமதி கேட்கலாம்.